குழாய் சொன்னதும் நான் செய்ததும்

நெல் வயலில் எந்நேரமும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை என்று மேடையேறிப் பேசும் அளவுக்கு எனக்கு விஷயம் தெரியும். ஓரடி நீளக் குழாயின் கீழ்ப்பாதியில் ஓட்டை போட்டு, அந்தப் பாதியை வயலில் இறக்கி, உள்ளிருக்கும் மண்ணை அள்ளிவிட வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் தரைமட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிடக் கூடாது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய முறை. 30 சதவீதம் வரை தண்ணீர் மிச்சம். வயல் வெளிவிடும் மீத்தேனும் குறையும். (டெல்டாவில் மீத்தேன் எடுக்க வந்தவர்களை எதிர்த்துக் கொடி பிடித்தவன் நான். என் வயலே சத்தமில்லாமல் அதை விட்டுக்கொண்டிருப்பது பிறகுதான் தெரிந்தது.)

பயிற்சி முகாமில் கொடுத்த குழாயை அன்று மாலையே இறக்கிவிட்டேன். உள்மண்ணை எடுக்க மறந்துபோனேன். எப்போது எட்டிப் பார்த்தாலும் உள்ளே தண்ணீரைக் காணோம். பதறிப்போய் மோட்டாரைப் போடுவேன். வயல் தளும்பும், குழாய்க்குள் மட்டும் பஞ்சம். களை பறிக்க வந்த அக்கா கேட்டார்: "என்ன தம்பி, வயல்ல உண்டியல் வச்சிருக்கீங்க?"

மண்ணை எடுத்த பிறகும் நான் திருந்தவில்லை. இன்னும் பொறு என்று குழாய் சரியாகத்தான் காட்டியது. மும்முனை மின்சாரம் வந்துவிட்டால் கை சும்மா இருக்குமா? நாளைக்கு எந்நேரம் வருமோ, மேட்டூர் அணையை எப்போது மூடுவார்களோ! விவசாய மின்சாரமோ இலவசம். போதாக்குறைக்கு, மின்சாரம் வந்ததும் மோட்டாரைத் தானே ஓட்டிவிடும் ஆட்டோ ஸ்டார்ட்டர் வேறு; நான் தூங்கினாலும் அது தூங்காது. "படிச்சவன் வெள்ளாமைடா இது" என்று வரப்பில் நின்று சிரித்தார் பக்கத்து வயல் பெரியப்பா. பசுந்தாள் உரத்துக்காக மானியத்தில் வாங்கி விதைத்த தக்கைப்பூண்டை, பூக்கும்போது மடக்கி உழாமல் முற்றவிட்டு விறகாக்கியது தனிக்கதை.

என் லட்சணம் இது. ஆனால் அரசின் கணக்கிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. விதை வாங்கினால் மானியம், பம்புசெட் வாங்கினால் மானியம். மோட்டாரை நிறுத்தியவனுக்கு என்ன? பஞ்சாபில் 2018-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். விரும்பிச் சேர்ந்த விவசாயி மிச்சப்படுத்திய ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய். மின்சாரம் இலவசமாகவே இருந்தது. பயன்படுத்தாமல் விட்டதற்குத்தான் பணம்.

நம் வேளாண் நிதிநிலை அறிக்கையிலும் இதற்கு ஒரு வரி ஒதுக்கலாம். இலவச மின்சாரத்தைத் தொட வேண்டாம். எனக்குப் புத்தி சொல்ல இன்னொரு முகாமும் வேண்டாம். யூனிட்டுக்கு 4 ரூபாய் என்றால் இன்றைக்கே ஆட்டோ ஸ்டார்ட்டரைக் கழற்றிவிடுகிறேன்.