காமிரா புருஷ லட்சணம்

என் சிநேகிதர் ஒருவர், ரிடையரான கையோடு கிடைத்த தொகையில் பெரும் பாகத்தைக் கொடுத்து ஒரு காமிராவையும், அதன் லென்ஸில் பூஞ்சை படியாதிருக்க மின்சாரத்தில் இயங்கும் ஓர் அலமாரியையும் வாங்கி, பாரியாளின் பட்டுப் புடவைகளுக்குக்கூட இல்லாத மரியாதையுடன் அதைக் கூடத்தில் பிரதிஷ்டை செய்திருக்கிறார். சுபதினங்களில் அது வெளியே எழுந்தருளுவதும் உண்டு. அதனால் படம் எடுக்கப்படும் என்று யாரும் அவசரப்பட்டு முடிவுகட்டிவிடக் கூடாது. கண்ணாடியில் தூசி இருப்பதாகச் சந்தேகம் தோன்றி, ரப்பர்க் குமிழை அழுத்தி உஸ்ஸென்று ஊதி, மெல்லிய துணியால் துடைத்து அவர் நிமிர்வதற்குள், குளக்கரை மீன்கொத்தி தன் மீனை விழுங்கிவிட்டு வீடு போய்ச் சேர்ந்திருக்கும். இதில் அவருக்கு லவலேசமும் வருத்தமில்லை. இன்னும் நீளமான லென்ஸ் இருந்திருந்தால் போன திசையிலேயே பிடித்திருக்கலாம் என்பது அவருடைய சித்தாந்தம்.

இவரிடம் ஒரு நாள் ஜூலியா மார்கரெட் கேமரூன் அம்மையாரைப் பற்றிப் பிரஸ்தாபித்தேன். கல்கத்தாவில் பிறந்து, இங்கிலாந்தின் வைட் தீவில் குடியிருந்த அந்த அம்மாளுக்கு, 1863ஆம் ஆண்டில், 48 வயதில், பொழுது போகட்டுமென்று மகளும் மாப்பிள்ளையும் ஒரு காமிராவைப் பரிசளிக்க, அவர் கரி போடும் அறையை இருட்டறையாக்கி, கண்ணாடி பதித்த கோழிக்கொட்டிலை ஸ்டூடியோவாக்கிக்கொண்டார். குடிபெயர்ந்த கோழிகளை யாரும் சாப்பிட்டிருக்கமாட்டார்கள் என்று தாம் நம்புவதாக அம்மாளே எழுதிவைத்திருக்கிறார். எனக்கென்னவோ அவ்வளவு நம்பிக்கை இல்லை. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் உலருமுன் எடுத்துக் கழுவியாக வேண்டிய காலம் அது. எதிரே இருப்பவரோ நிமிஷக்கணக்கில் சிலையாகச் சமைந்திருக்க வேண்டும். மற்றவர்களெல்லாம் உருவம் கூர்மையாகத் தெரியும்வரை லென்ஸைத் திருகிக்கொண்டிருக்க, இவர் அழகாகத் தெரிந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டார். திருகவே தெரியாதவர் என்று போட்டோ சங்கத்துப் பண்டிதர்கள் பரிகசித்தார்கள். 1867இல் வான சாஸ்திரி ஹெர்ஷலைப் பிடித்தபோது, அவரைத் தலை அலசச் சொல்லி, சிலிர்த்து நின்ற வெண்முடியில் வெளிச்சம் விழ வைத்தாராம். அந்தப் பரட்டைத் தலையைப் பார்க்கிறவனுக்கு, நட்சத்திரங்களை எண்ணிக் களைத்த ஒரு கிழவரின் கண்கள் தெரியும். என்ன லென்ஸ் என்று கேட்கத் தோன்றாது.

சிநேகிதர் இவ்வளவையும் கொட்டாவியை அடக்கியபடி கேட்டார். நியாயத்தை மறைக்கலாகாது என்று, அம்மாளும் பிற்பாடு பெரிய காமிரா ஒன்று வாங்கினார் என்பதையும் நான் சொன்ன மாத்திரத்தில்தான் அவர் முகத்தில் பிரகாசம் உண்டாயிற்று. "பார்த்தீர்களா ஸார், பெரியவர்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் நினைக்கிறார்கள்!" என்றார். இப்போது அந்த அம்மாள் உபயோகித்த மாதிரிப் பழைய லென்ஸ் ஒன்றைத் தேடி ஊர் ஊராக விசாரித்து வருகிறார். கோழிக்கொட்டில் விஷயத்தில்தான் வீட்டில் இன்னும் உத்தரவாகவில்லை.