மொதல்ல தொடை செவக்கட்டும்!

பட்டணத்துல நடிப்புப் பயிற்சிக்குப் போறியாமே தம்பி, சந்தோஷம். பாட்டைச் சொல்லச் சொன்னா கண்ணை மூடிக்கிட்டு, உணர்ச்சி வரட்டும்னு காத்திருக்கியாமே? நல்லாக் காத்திரு. கடைசி பஸ்ஸுலயாவது அது வந்து எறங்கும். ஆனா அதே பஸ்ஸுல ஜனம் ஏறிப் போயிடும்.

எங்க கூத்து வாத்தியாருக்கு அவ்வளவு பொறுமை கெடையாது. "தட்டுடா தொடையில"ன்னுவாரு. தகிட மூணு, தகதிமி நாலு, தக தகிட அஞ்சு, தகிட தகதிமி ஏழு. இந்தச் சொல்லு நாக்குல பொரண்டப்புறம், பாட்டோட நடை எதுன்னு காதால கண்டுபுடிச்சு, அதுல சொல்லணும். கடைசியாத்தான் கை நிக்கும். தாளம் உள்ள ஓடும், வாய் பேசும்.

தாளம் மாதிரியே எழுத்துக்கும் அளவு உண்டு: குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு ரெண்டு, புள்ளி வச்ச எழுத்துக்கு அரை. கண்ணிமைக்கிற நேரத்தையும் வெரல் நொடிக்கிற நேரத்தையும் அளவா வச்சுட்டுப் போனாரு தொல்காப்பியரு. ரேஷன் கடைக்காரன்கூட கார்டைப் பாத்து அளப்பான். நீ எல்லா எழுத்துக்கும் ஒரே படியில அளக்குற!

வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியப்பாவுக்கு அகவல், கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல்னு ஓசையைப் பிரிச்சு வச்சிருக்காங்க. உனக்குக் கடைசி ஒண்ணுதான் புடிச்சுது போல. எதிர்ல ஒக்காந்தவனும் தூங்குறான்.

அதுக்காகப் பாடித் தொலைச்சிடாதே. கூத்துல விருத்தத்தை ராகமா இழுப்போம், தாளம் கெடையாது. தருங்கிற பாட்டுக்குத் தாளம் உண்டு. வசனம் வந்தா மத்தளம் அடங்கிடும், ஆனா சுருதி காதை விட்டுப் போவாது. துரியோதனன் அதட்டுறது அந்தச் சுருதி மேல ஏறி நின்னுதான். கத்துறதுக்கும் அதட்டுறதுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

கெழவன் கட்டுக்கதை விடுறான்னு நெனைக்காதே. 1918ல நாடக வாத்தியாரு சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில பாலர் சபை ஆரம்பிச்சாரு. பாட்டும் வசனமும் ஒண்ணாப் பாடம் பண்ண பையனுங்கள்ல நடிகர் அவ்வை சண்முகமும் ஒருத்தரு. அட, உங்க நவீன நாடகத்துக்கே வா. 1977ல சென்னையில கூத்துப்பட்டறை தொடங்குன ந. முத்துசாமி, புரிசை கண்ணப்பத் தம்பிரான் கூத்தைத்தான் தேடி வந்தாரு.

உணர்ச்சி எங்கயும் போயிடாது தம்பி. மூச்சை எங்க விடணும், எந்த நெடில்ல நிக்கணும்னு தெரிஞ்சவன் வாயில அது தானா வந்து ஒக்காரும். மொதல்ல தொடை செவக்கட்டும். மொகம் செவக்கறதை அப்புறம் பாத்துக்கலாம்.