திருவாளர் பாட்டருக்கு ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து

பெரும் மதிப்புக்குரிய ஹென்றி எஃப். பாட்டர் ஐயா அவர்களுக்கு,

கிறிஸ்துமஸ் நல்வாழ்த்துகள். டிசம்பர் பிறந்ததும் அமெரிக்கத் திரையரங்குகளில் ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ வழக்கம்போல் திரும்ப வந்துவிட்டது. ஜனங்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து உட்கார்ந்து ஜார்ஜ் பெய்லிக்காக மூக்கைச் சிந்துகிறார்கள். தங்களுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்பலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நன்றி கெட்ட உலகம். அந்தப் படத்தில் கடைசிவரை ஒரு காசுகூட இழக்காத ஒரே மனிதர் தாங்கள் அல்லவா!

தங்கள் பெருமை தெரியாத வாசகர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். பெட்ஃபோர்ட் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் வங்கியும் வாடகைக் குடியிருப்புகளும் தங்கள் கையில். அகப்படாமல் நின்றது பெய்லி குடும்பத்தின் சின்னக் கடன் சங்கம் ஒன்றுதான். ஏழை போட்ட பணத்தில் இன்னோர் ஏழை வீடு கட்டிக்கொள்ளும் ஏற்பாடு. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஜார்ஜின் சித்தப்பா, சங்கத்தின் 8,000 டாலரைச் செய்தித்தாளோடு சேர்த்துத் தங்கள் கையிலேயே மறதியாகக் கொடுத்துவிட்டுப் போகிறார். தாங்கள் பிரித்துப் பார்த்தீர்கள், வாயை மூடிக்கொண்டீர்கள். பழி ஜார்ஜ் தலையில் விழுகிறது. அவர் ஆற்றில் விழுந்து சாகப் போகிறார். ஒரு தேவதூதன் காப்பாற்றுகிறான். ஊரார் நோட்டும் சில்லறையுமாகக் கொண்டுவந்து மேசையில் கொட்டுகிறார்கள். பாட்டு, மணியோசை, சுபம்.

தங்கள் வீட்டுக் கதவை ஒரு போலீஸ்காரர்கூடத் தட்டவில்லை. திருடினவர் பாட்டர், ஈடுகட்டியது ஊர். இதைத்தான் இந்தத் தேசம் இன்ப முடிவு என்று சொல்லி வருஷா வருஷம் அழுகிறது.

அமெரிக்க அரசாங்கம் இந்தப் பாடத்தை நன்றாகவே படித்தது. 1982-இல், பெய்லி நடத்தியது போன்ற கடன் சங்கங்களின் கட்டுப்பாடுகளைத் தளர்த்த ஒரு சட்டம் வந்தது. கையெழுத்திட்ட ஜனாதிபதி ரேகன் பழைய ஹாலிவுட் நடிகர். இன்ப முடிவின் அருமை அவருக்குத் தெரியாதா? வீட்டுக் கடன் கொடுக்க இருந்த பணத்தைச் சூதாட இறக்கினார்கள், சிலர் நேரடியாகவே கொள்ளையடித்தார்கள். 1986 முதல் 1995 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட சங்கங்கள் மூழ்கின. வரி செலுத்துகிறவர்கள் கொட்டிய தொகை ஏறக்குறைய 12,400 கோடி டாலர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தொலைக்காட்சியில் ஜார்ஜைப் பார்த்துக் கண்ணீர்விட்ட அதே ஜனங்கள்தான், மேசையில் கொட்டியவர்களும். சில ஆசாமிகள் சிறைக்குப் போனார்கள், மறுக்கவில்லை. தாங்கள் போகவில்லை.

படத்துக்கு நேர்ந்த கதி தங்கள் கதையைவிடச் சுவையானது. ஃபிராங்க் காப்ரா பெரிய ஸ்டூடியோக்களின் பிடியிலிருந்து தப்பத்தான் லிபர்ட்டி ஃபிலிம்ஸ் என்ற கம்பெனியைக் கூட்டாளிகளோடு தொடங்கினார். முதல் படமே இதுதான். 1946 டிசம்பரில் வெளிவந்து போட்ட காசை எடுக்கவில்லை. ஆஸ்கரில் ஐந்து பரிந்துரை, ஒன்றும் கிடைக்கவில்லை; செயற்கைப் பனி பொழியவைத்த புது முறைக்கு மட்டும் ஒரு தொழில்நுட்ப விருது. தங்களைப் போன்ற வங்கி முதலாளியை இழிவாகக் காட்டுவது கம்யூனிஸ்டுகளின் வேலை என்று 1947-இல் எஃப்.பி.ஐ. குறிப்பெழுதி வைத்தது. அதே ஆண்டில் ‘விடுதலை’ என்று பெயர் வைத்துக்கொண்ட அந்தக் கம்பெனியைப் பாரமவுண்ட் விழுங்கியது.

பிறகுதான் தங்கள் காவலில் ஒரு சின்னத் தவறு நடந்தது. 1974-இல் அப்போதைய உரிமைதாரர் பதிப்புரிமையைப் புதுப்பிக்கவில்லை. படம் ஊர்ப் பொதுச் சொத்தாயிற்று. எந்தத் தொலைக்காட்சி நிலையமும் காசு கொடுக்காமல் காட்டலாம் என்றதும் எல்லாரும் காட்டினார்கள், காலையிலும் மாலையிலும். தோற்ற படம் ஒரு தேசத்தின் பண்டிகைப் படமானது அந்த இலவசத்தால். விளம்பரத்தாலோ விழாக்களாலோ அல்ல. கவனியுங்கள் ஐயா: யாருடையதாகவும் இல்லாதபோதுதான் அது எல்லாருடையதாகவும் ஆனது.

பொறுப்பீர்களா? ஜனங்கள் ஆளாக்கிய பிள்ளைக்கு 1993-இல் உரிமை கொண்டாட ஆள் வந்தது. படச்சுருளுக்குத்தானே உரிமை போயிற்று, மூலக் கதைக்கும் இசைக்கும் இல்லையே என்றார்கள். அந்தக் கதை, எழுத்தாளர் ஃபிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் எந்தப் பத்திரிகையும் வாங்காததால் தானே அச்சிட்டு 1943-இல் நண்பர்களுக்குக் கிறிஸ்துமஸ் அட்டையாக அனுப்பியது. அன்பளிப்பு வந்த வழியிலேயே பூட்டும் வந்தது. பூட்டுவதற்குத் துணை நின்றது 1990-இன் ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு; வேறொரு படத்தைப் பற்றிய வழக்கு, அதில் ஒரு தரப்பாக நின்றவர் நம் ஜார்ஜாக நடித்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட்! தோற்றவரும் அவரே. இவ்வளவு கச்சிதமான பழிவாங்கலைத் தாங்களே திட்டமிட்டிருந்தாலும் முடிந்திருக்காது. 1994-இல் ஒரே அலைவரிசைக்கு ஏகபோக உரிமை போயிற்று. சுற்றிச்சுற்றிக் கடைசியில் படம் திரும்பப் போய்ச் சேர்ந்த இடம் பாரமவுண்ட்.

திரையரங்குகளும் தங்கள் வழிக்கு வந்துகொண்டிருக்கின்றன. படம் எடுப்பவனே அரங்கையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1948-இல் உச்ச நீதிமன்றம் பெரிய ஸ்டூடியோக்களின் கையை முறித்தது. அதன்பின் வந்த கட்டுப்பாட்டு உத்தரவுகளை 2020-இல் ஒரு நீதிமன்றம் காலாவதியானவை என்று தள்ளிவிட்டது. மிகப் பெரிய அரங்கு நிறுவனமோ, குறித்த நேரத்துக்கு 25 முதல் 30 நிமிடம் கழித்தே படம் தொடங்கும் என்று இப்போது வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. காசு கொடுத்து வந்தவன் அந்த அரை மணி நேரம் விளம்பரம் பார்க்கிறான். அதன்பிறகு, மனிதனைக் காசாகப் பார்க்கக் கூடாது என்று ஜார்ஜ் சொல்லிக் கேட்டு உருகுகிறான்.

கிறிஸ்துமஸ் இரவுக் காட்சி முடிந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாரும் போனபின், சிந்திய பாப்கார்னைக் கூட்ட ஒரு பையன் வருவான். வாரத்துக்கு 40 மணிக்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்குக் கூலி என்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். யார் யாருக்கு அது பொருந்தாது என்று அதே சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. திரையரங்கு ஊழியர்களின் பெயர் அதில் ஒரு வரியாக நிற்கிறது. சில மாநிலங்கள் தனிச் சட்டம் போட்டுக் காப்பாற்றினால் உண்டு. படத்தில் கடன் சங்கத்தில் எல்லாரும் பணத்தைத் திரும்பக் கேட்டு நெருக்கியபோது, 17 டாலர் 50 சென்ட் போதும் என்ற ஒரு பெண்மணிக்கு ஜார்ஜ் முத்தம் கொடுத்தார். அரங்கமே கைதட்டும் காட்சி. கூட்டுகிற பையனுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கத்தான் அந்த அரங்கில் ஆள் இல்லை.

1986-இல் ஒரு தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சி, படத்துக்குத் ‘தொலைந்துபோன முடிவு’ ஒன்று தயாரித்தது. அதில் உண்மை தெரிந்த ஊரார் கூட்டமாக வந்து தங்களை உதைத்தார்கள். அமெரிக்கா விழுந்து விழுந்து சிரித்தது. வேடிக்கை என்று நினைத்துத்தான் சிரித்தது, யோசனையாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எனவே அச்சம் வேண்டாம், அந்த 8,000 டாலர் தங்களிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
டிக்கெட்டுக்கும், அதை வாங்கியதற்கான வசதிக் கட்டணத்துக்கும் சேர்த்தே அழுத ஒருவன்