எந்த வெள்ளிக்கிழமை?

மாண்ட்ரியால்,
டிசம்பர் மாதம்.

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். இங்கே மைனஸ் 20. அத்தை கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாயைத் தவிர இந்த ஊரில் எல்லாமே உறைந்துவிட்டது.

நான் ‘புரொடியூசர்’ ஆகிவிட்டதாக டீக்கடையில் சொல்லி வைத்தீர்களாமே? அதற்குள் இரண்டு பேர் போனில் கதை சொல்லிவிட்டார்கள். ஒருவர் மகனின் போட்டோவை மூன்று கோணத்தில் அனுப்பியிருக்கிறார், மூன்றிலும் கூலிங்கிளாஸ். மாமா, வீடியோ கேமில் புரொடியூசர் என்றால் பணம் போடுகிறவன் இல்லை. பணம் போடுகிறவர்கள் மாதம் ஒருமுறை வந்து என்னை முறைத்துவிட்டுப் போவார்கள். எனக்குப் படம் வரையத் தெரியாது, புரோகிராமும் எழுத வராது. எண்பது பேரிடம் போய் “எப்ப முடியும்?” என்று கேட்பதற்குத்தான் சம்பளம்.

அதாவது, நான் மேஸ்திரி. உங்கள் தொழிலுக்கே வந்து சேர்ந்திருக்கிறேன், ரசமட்டம்தான் இல்லை.

நம் வீடு கட்டியபோது பால் காய்ச்ச மூன்று தடவை நாள் குறித்தோம். ஒவ்வொரு தடவையும் நீங்கள் “வெள்ளிக்கிழமை முடிஞ்சுடும்க்கா” என்பீர்கள், அம்மா “எந்த வெள்ளிக்கிழமை?” என்பாள். ஒயர் இழுக்காமல் பூச முடியாது. ஒயர் இழுக்க வேண்டியவர் திருவாரூரில் இன்னொரு வீட்டில் இருப்பார். இங்கேயும் அதே கதைதான். பொம்மை வரைகிறவர் முடித்தால்தான் அதை நடக்க வைக்கிறவருக்கு வேலை. அது நடந்தால்தான் காலடிச் சத்தம் சேர்க்கிறவருக்கு வேலை. யாரைக் கேட்டாலும் “தொண்ணூறு சதவீதம் முடிஞ்சுது.” மீதிப் பத்துக்கு, முன் தொண்ணூறுக்கு ஆன அளவு நாள் ஆகும். பிரெஞ்சுக்காரப் பையன்கள் “பியாந்தோ” என்கிறார்கள். ‘சீக்கிரம்’ என்று அகராதி சொல்கிறது. உங்கள் வெள்ளிக்கிழமைக்கு அதைவிட நல்ல மொழிபெயர்ப்பு கிடைக்காது.

பிரெஞ்சு என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தத் தொழில் இங்கே வேரூன்றியதே அரசாங்கம் தண்ணீர் ஊற்றியதால்தான். 1997-இல் யூபிசாஃப்ட் என்ற பிரெஞ்சு கேம் கம்பெனியைச் சலுகை கொடுத்து வரவழைத்தார்கள். பழைய துணி ஆலைக் கட்டடம் ஒன்றில் அது இன்றும் இருக்கிறது. கேம் கம்பெனிகள் கொடுக்கும் சம்பளத்தில் ஒரு பங்கை கியூபெக் மாகாணம் வரிச்சலுகையாகத் தருகிறது. கேம் பிரெஞ்சிலும் வந்தால் கொஞ்சம் கூடுதல். நான் சேர்ந்தது வேறொரு கம்பெனியில், டெஸ்டராக. இரண்டு வருஷம் ஒரே சுவரில் எல்லாப் பக்கமிருந்தும் மோதிப் பார்ப்பதுதான் உத்தியோகம். அப்புறம் உதவி, இணை என்று ஏறி இந்த நாற்காலி. பலரும் வருகிற வழிதான் இது. இதற்கென்று தனியாகப் படித்துவிட்டு வந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

சரி, மேஸ்திரி வேலைக்குத் திரும்புகிறேன். ஒரு கதவையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலை வைக்க உங்களுக்கு எத்தனை பேர் வேண்டும்? தச்சர், கொத்தனார், ஒரு சித்தாள். கேமில் ஒரு கதவு வைக்க எனக்கு ஒன்பது பேர். இழுத்துத் திறப்பதா, தள்ளித் திறப்பதா? எதிரி திறக்கலாமா? பூட்டியிருப்பதை ஆடுகிறவனுக்கு எப்படித் தெரிவிப்பது? இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்தால்? லிஸ் இங்கிலண்ட் என்ற வடிவமைப்பாளர் 2014-இல் கதவுத் தொல்லையைப் பற்றி மட்டுமே ஒரு கட்டுரை எழுதினார். எங்கள் தொழிலில் அதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு.

எங்கள் கேமில் கதாநாயகன் பின்னால் ஓர் ஆடு வரும். அவன் கதவைத் தாண்டியதும் ஆடு நிலையில் மாட்டிக்கொண்டது. தலை இந்த அறையில், பின்னங்கால்கள் அந்த அறையில், நடுவில் சுவர். கால்கள் மட்டும் நிற்காமல் நடந்துகொண்டே இருந்தன. ஒரு மாதம் பார்த்தோம். ஆட்டைச் சின்னதாக்கினால் பூனை மாதிரி இருக்கிறது, கதவைப் பெரிதாக்கினால் மாளிகை மாதிரி இருக்கிறது. கடைசியில் கதவையே எடுக்கச் சொல்லிவிட்டேன். வெறும் வளைவு போதும். ‘புராதனமான கட்டடக்கலை’ என்று அறிக்கையில் எழுதினேன். மாடிப்படியில் இடிக்கும் நம் கொல்லைக் கதவைக் கழற்றிவிட்டு “காத்துக்கு நல்லதுக்கா” என்றீர்களே, அது ஞாபகம் வந்தது. அன்று உங்களைத் திட்டியதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

முடித்தாலும் முடிந்ததாகாது. பிளான் அப்ரூவல் மாதிரி, கேம் ஆடும் பெட்டிகளைச் செய்கிற சோனி, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ மூவரும் தனித்தனியாகச் சோதித்து முத்திரை குத்த வேண்டும். ஆடும்போது கையிலிருக்கும் கன்ட்ரோலரின் இணைப்பு அறுந்தால் கேம் ஒழுங்காக நிற்கிறதா என்றுகூடப் பார்ப்பார்கள். தவறினால் திரும்ப வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

அவசரப்பட்டாலும் ஆபத்து. 1982-இல் அட்டாரி என்ற கேம் கம்பெனிக்காரர்கள் ‘ஈ.டி.’ படத்துக்கான கேமை ஐந்தே வாரத்தில் எழுத வைத்தார்கள். விற்காமல் போனவற்றை நியூ மெக்ஸிகோ பாலைவனக் குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014-இல் தோண்டிப் பார்த்தால் உள்ளே பத்திரமாக இருந்தன! இழுத்தடித்த கதையும் உண்டு: 1997-இல் அறிவித்த ‘டியூக் நியூகெம் ஃபாரெவர்’ 2011-இல் வந்தது. பதினான்கு வருஷம். அதைப் பார்க்கும்போது நம் வீடு மின்னல் வேகம் மாமா.

சின்னவள் கல்யாணம் வைகாசியில் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் கேம் வெளியாகும் தேதியும் அதே வாரம்தான், இப்போதைக்கு. லீவு கேட்டிருக்கிறேன். முகூர்த்தத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை வந்து இறங்கிவிடுவேன்.

எந்த வெள்ளிக்கிழமை என்று அம்மா கேட்பாள். நீங்கள்தான் சமாளிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்