அம்மனுக்கே வெளிச்சம்

மாசித் திருவிழா நெருங்கினால் திண்டுக்கல் சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்குப் புது லைட் வாங்கும் காய்ச்சல் கண்டுவிடும். கோட்டை மாரியம்மன் அருளால் புக்கிங் வரும்; அட்டைப்பெட்டிக்குள் என்ன வரும் என்பது அந்த அம்மனுக்கே வெளிச்சம்.

முதலில் எல்.இ.டி. பார் லைட். பெட்டியில் '54 × 3 வாட்' என்று கொட்டை எழுத்து. பெருக்கினால் 162. மலிவுச் சரக்கில் அது வாய்ப்பாட்டோடு சரி. மீட்டர் வைத்தால் பல நேரம் பாதிகூடத் தேறாது. 3 வாட் என்பது எல்.இ.டி. தாங்கும் அளவு, எரியும் அளவு அல்ல. சிவப்பு, பச்சை, நீலம் சேர்ந்தால் வெள்ளை வரவேண்டும். கல்யாணப் பெண் முகத்தில் விழுவதோ வெளிறிய ஊதா.

அடுத்தது 'ஷார்பி'. இத்தாலியின் கிளே பாக்கி நிறுவனம் 2010-இல் கொண்டுவந்த விளக்கின் பெயர் அது: 189 வாட் பல்பு, ஊசி போன்ற ஒளிக்கற்றை. இன்று தலையாட்டும் விளக்கெல்லாம் ஷார்பிதான், வனஸ்பதியெல்லாம் டால்டா ஆனதுபோல.

ஜெனரேட்டர் ஒருமுறை இருமினால் போதும். நகல் ஷார்பி மேடையை விட்டுவிட்டு, பந்தியில் இருக்கும் பிரியாணி அண்டாவைக் குறிவைத்து நின்றுவிடும். விளக்குக்குக் கட்டளை கொண்டுபோகும் டி.எம்.எக்ஸ். கேபிளைப் பிடுங்கிச் செருகுவார்கள்; மண்டையில் தட்டுவார்கள். அசையாது.

பூட்டுக்குப் பேர்போன ஊரில் அந்தக் கழுத்துக்கு மட்டும் சாவி கிடைப்பதில்லை.