பத்தாவது ஆட்டத்தில் பிறக்கும் ஞானம்

பதினெட்டு வயதுப் பையன், முப்பது வயதுத் தடியர்களோடு ஐஸ் ஹாக்கியின் உச்ச லீக்கான என்.எச்.எல். பனித்தளத்தில் மோதத் தயாரா? பார்க்கலாம் என்பார் கோச். பையனின் வளர்ச்சியே முக்கியம் என்பார் மேனேஜர். ஒன்பது ஆட்டம் வரை பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பத்தாவது ஆட்டத்துக்கு முந்தின நாள் ஞானம் பிறக்கும். பையன் இன்னும் பக்குவப்படவில்லையாம். ஜூனியர் லீக்குக்கே திரும்பட்டுமாம்.

பத்தாவது ஆட்டத்தை ஆடிவிட்டால், மூன்று வருட மலிவு ஒப்பந்தத்தில் ஒரு வருடம் கழிந்துவிடும். ஆடாவிட்டால் ஒப்பந்தம் அப்படியே அடுத்த வருடத்துக்கு நகரும். அவ்வளவுதான் ரகசியம். எலும்பு முற்றியதா, பயம் தெளிந்ததா என்று முடிவுசெய்பவர் கோச் அல்ல, கணக்குப்பிள்ளை.

நடுவில் அமெரிக்கன் ஹாக்கி லீக் என்று ஒரு படி இருக்கிறதே, அங்கே போய் வளரக்கூடாதா? கூடாது. கனடிய ஜூனியர் லீக்குகளிலிருந்து டிராஃப்ட் என்ற வீரர் தேர்வில் எடுக்கப்பட்டவன் பொதுவாக இருபது வயதுக்குமுன் அங்கே போகக்கூடாது என்று பல காலமாக ஒப்பந்தம் இருந்துவந்தது. நட்சத்திரம் போய்விட்டால் ஜூனியர் அணிகளின் கல்லா காய்ந்துவிடுமே! ஆக, மேலே பெஞ்சைத் தேய்க்க வேண்டும். இல்லையென்றால் கீழே தனக்கு ஈடில்லாத பிள்ளைகளைத் தோற்கடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஷேன் ரைட்டைப் பாருங்கள். 2022 டிராஃப்டில் நான்காவதாக சியாட்டில் அணி எடுத்தது. அந்த சீசனில் என்.எச்.எல்.லில் ஆடவிட்டது 8 ஆட்டம். நடுவில் ஆட்டப் பழக்கம் என்ற பெயரில், பின்வாசல் வழியாக அமெரிக்கன் லீக்கில் உள்ள துணை அணிக்கு. பிறகு கனடா இளையோர் அணிக்கு. தலைவனாக நின்று தங்கம் வாங்கினான். அதற்குப் பரிசு, விண்ட்சர் ஜூனியர் அணி. வசந்தத்தில் மறுபடியும் துணை அணி. இந்த அலைக்கழிப்புக்குப் பெயர் வளர்ச்சித் திட்டம்.

எட்மண்டன் அணியின் கதை இதைவிட ருசி. 2010, 2011, 2012 என மூன்று வருடம் தொடர்ந்து முதல் தேர்வு. தோற்பதற்குக் கிடைத்த சன்மானம். 2012-ல் வந்தவன் நெயில் யகுபோவ். பத்தொன்பது வயதில், 48 ஆட்டத்தில் 17 கோல். தயார், தயார் என்று எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு நான்கு சீசனில் நான்கு கோச். ஒருவர் சொன்னதை அடுத்தவர் அழித்தார். 2016-ல் தள்ளிவிட்டார்கள். 24 வயதில் என்.எச்.எல்.லை விட்டே போனான். பழி? பையன் மேல்தான். அந்த 2016-ல்தான் பத்து சீசன் பிளேஆஃப் பார்க்காத அணிக்கு, நகரத்தின் பணமும் சேர்ந்து புது அரங்கம் திறந்தது. பையன் ஆடத் தயாராக இருந்தானோ இல்லையோ, கட்டத் தயாராக இருந்தான் ரசிகன்.

டெட்ராய்ட் மட்டும் கல் வைத்துப் பழுக்கவைக்கவில்லை. 1998-ல் 171-வதாக எடுத்த பாவெல் டட்சுக்கை 2001 வரை ரஷ்யாவிலேயே விட்டது. 1999-ல் 210-வதாக எடுத்த ஹென்ரிக் செட்டர்பெர்க் 2002-ல்தான் வந்தார். 2008-ல் இருவரும் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார்கள். உடனே டெட்ராய்டைக் கும்பிட வேண்டாம். அணி நிறைய நட்சத்திரங்கள் இருந்தார்கள், பொறுமைக்குச் செலவில்லை.

கானர் மெக்டேவிட் பதினெட்டில் ஆடவில்லையா என்று வாயை அடைப்பார்கள். ஆடினார். முதல் சீசனில் 45 ஆட்டம், 48 புள்ளி. ஏழு சுற்றில் 224 பையன்களை எடுக்கிறீர்களே, அதில் எத்தனை மெக்டேவிட் ஐயா? மற்றவர்கள் நொறுங்கினால் விசாரணை கிடையாது. பையனுக்குத் தோல்வி முத்திரை. அவனைத் தேர்ந்தெடுத்த மேனேஜருக்கு இன்னோர் அணியில் ஆலோசகர் நாற்காலி.