அப்பாவுக்கு எத்தனை மார்க்?

சென்னையில் செஸ் படம் போட்டுக் காட்டுவதும் திருவையாற்றில் கச்சேரி வைப்பதும் ஒன்றுதான். பாடுகிறவரைவிடத் தாளம் போடுகிறவர்கள் அதிகம்.

கோடை விடுமுறையில் குழந்தைகளுக்கு நல்லதாக ஒரு படம் போடலாம் என்று எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் தீர்மானம் ஆயிற்று. படத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அடிதடி இருக்கக் கூடாது, பேய் இருக்கக் கூடாது, தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும், அறிவு வளர வேண்டும் என்று நிபந்தனைகள். 1993ல் வந்த 'சர்ச்சிங் ஃபார் பாபி ஃபிஷர்' படத்தைச் சொன்னேன். செஸ் என்ற வார்த்தையைக் கேட்டதும் செயற்குழு ஒருமனதாகக் கை தூக்கியது. எங்கள் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு பிள்ளை செஸ் வகுப்புக்குப் போகிறது. பிள்ளை இல்லாத வீடுகளில் அக்கா பிள்ளை போகிறது.

கதை சின்னது. நியூயார்க்கில் ஜாஷ் வெய்ட்ஸ்கின் என்று ஏழு வயதுப் பையன். வாஷிங்டன் சதுக்கப் பூங்காவில் காசு வைத்து ஆடுகிறவர்களைப் பார்த்தே செஸ் கற்றுக்கொள்கிறான். அப்பா ஃப்ரெட், விளையாட்டுப் பத்திரிகையாளர். அப்பாவோடு முதல் ஆட்டம் ஆடும்போது, பாவம் அவர் மனசு கஷ்டப்படுமே என்று பையன் வேண்டுமென்றே தோற்கிறான். விஷயம் புரிந்ததும் அப்பா அவனை புரூஸ் பண்டோல்ஃபினி என்ற கோச்சிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். அப்புறம் டோர்னமென்ட், கோப்பை, கோப்பைக்குப் பின்னால் வருகிற பயம். பெரும்பாலும் நிஜத்தை ஒட்டியவை. நிஜ ஃப்ரெட் 1988ல் எழுதிய புத்தகத்தை வைத்துத்தான் ஸ்டீவன் ஸைலியன் படத்தை எடுத்தார்.

படம் ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் முதல் விமர்சனம் வந்தது. "என்ன சார், வீட்டுல ஒரு லைட்டுகூடப் போட மாட்டேங்கறான்? ஒரே இருட்டா இருக்கே!" மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். இந்த இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும்தான் கான்ராட் ஹால் ஆஸ்கர் பரிந்துரை வாங்கினார் என்றேன். "பரிந்துரைதானே? பரிசு கொடுக்கலையே?" என்றார். அதற்கு மேல் நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்து வந்தவர்கள் நிபுணர்கள். எட்டு வயதிலிருந்து பதினொன்று வரை இருக்கும். தரையில் முதல் வரிசை முழுக்க அவர்கள்தான். ஃபிஷர் யார் என்று பெரியவர்களுக்கு விளக்க நான் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன்: 1972ல் ரெய்க்யாவிக்கில் ஸ்பாஸ்கியை வென்று உலக சாம்பியன் ஆனவர், 1975ல் கார்போவோடு ஆட வராமலே பட்டத்தை விட்டவர், பிறகு ஆளே காணாமல் போனவர். முதல் வரிசை என்னை முடிக்க விடவில்லை. "அங்கிள், ஃபிஷர் ரேண்டம் கண்டுபிடிச்சவர்தானே?" என்று ஒரு பெண் குழந்தை கேட்டாள். அவளுக்கு ரேட்டிங் இருக்கிறது. எனக்குக் கிடையாது. உட்கார்ந்துவிட்டேன்.

நிபுணர்களின் குற்றச்சாட்டுகள் வரிசையாக வந்தன. பூங்காவில் எல்லாரும் கிளாக்கை அந்த அறை அறைகிறார்களே, ஆர்பிட்டர் எங்கே? ஆடும்போது எதிராளியோடு இவ்வளவு பேசினால் வார்னிங் கொடுக்க வேண்டாமா? ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் பாராட்டு கிடைத்தது. ஜாஷாக நடித்த பையன் காயை எடுத்து வைக்கிற விதம். விரல் நுனியால் தூக்கி, கட்டத்தின் நடுவில் தட்டி, அதே வீச்சில் கை கிளாக்குக்குப் போகிறது. "இவன் நிஜமாவே ஆடறவன்" என்றது முதல் வரிசை. சரிதான். மாக்ஸ் பொமராங்க் நடிக்க வருவதற்கு முன்பே செஸ் ஆடிக்கொண்டிருந்த சிறுவன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாங்கள் பார்க்காததைத் தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்திருந்தார்கள்.

நாற்காலிகள் வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தன. அப்பாவை.

இந்தப் படத்தை நான் முன்பு தனியாகப் பார்த்தபோது புரியாத ஒன்று கூட்டத்தோடு பார்த்தபோது புரிந்தது. பையன் என்ன ஆடுகிறான் என்பதைப் பற்றிப் பெரியவர்களுக்கு ஒரு கருத்தும் இல்லை. அவர்கள் படம் முழுக்க ஃப்ரெட்டுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடக் காட்சி வந்தது. இந்த செஸ் விஷயம் கொஞ்சம் அதிகமாகப் போகிறது என்று டீச்சர் சொல்ல, ஃப்ரெட் சீறுகிறார்: என் பிள்ளை இதில் இருக்கிற உயரத்துக்கு நீங்கள் எதிலுமே வர முடியாது என்று. ஆண்கள் பக்கத்தில் விசில் சத்தம். "அப்படிக் கேளுய்யா!" பிள்ளையின் வருகைப் பதிவு குறைகிறது என்று பள்ளிக்கூடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்ட அத்தனை அப்பாக்களும் அந்த ஒரு வசனத்தில் வஞ்சம் தீர்த்துக்கொண்டார்கள். இரண்டாம் மாடி டீச்சரம்மா மட்டும் எழுந்து நின்றார். "பேசிட்டுப் போயிடுவாங்க. பரீட்சைக்கு வரலைன்னா அப்புறம் என்கிட்டதான் வந்து நிப்பாங்க." ஃப்ரெட்டுக்கு அங்கே பாதி மார்க் குறைந்தது.

பெண்கள் பக்கம் முழு மார்க் வாங்கியவர் அம்மா பானி. கோச் ஒரு கட்டத்தில் பையனை நொறுக்குகிறார். எதிராளியை வெறுக்கக் கற்றுக்கொள், அவர்கள் உன்னை வெறுக்கிறார்கள் என்கிறார். பையன் ஆசைப்பட்டுக் காத்திருந்த சான்றிதழைக் கொடுத்துவிட்டு, இது வெறும் ஜெராக்ஸ், இன்னொன்று வேண்டுமா என்று பையிலிருந்து கத்தையாக எடுத்துக் காட்டுகிறார். அப்போதுதான் அம்மா வந்து, வீட்டை விட்டு வெளியே போங்கள் என்கிறார். குரலை உயர்த்துவதே இல்லை. ஹாலில் பெண்கள் கைதட்டிய கைதட்டலில் புரொஜெக்டர் ஆடியது. "அந்த மாசத்து ஃபீஸ் குடுத்தாச்சா?" என்று ஒரு அம்மா கவலைப்பட்டார். அவருடைய வீட்டு வரவேற்பறையில் பங்கேற்புச் சான்றிதழ்கள் லேமினேட் ஆகிச் சுவர் நிறைய இருக்கின்றன. ஜெராக்ஸ் விஷயத்தைப் பற்றி அவர் கருத்து எதுவும் சொல்லவில்லை.

எல்லாரும் பேச்சை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. ஒரு போட்டியில் ஜாஷ் முதல் ரவுண்டிலேயே ஏழே நகர்த்தலில் தோற்றுவிடுகிறான். வெளியே மழை. அப்பாவுக்கு ஆறவில்லை. ஏழு மூவில் எப்படிடா தோற்பாய் என்று கேட்டுக்கொண்டே நிற்கிறார். பையன் நனைந்தபடி ஒரே கேள்வி கேட்கிறான்: ஏன் என்னைவிட்டு இவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள்? அந்த நிமிடம் எங்கள் ஹாலில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. அப்பாக்கள் சிலர் செல்போனை எடுத்து, வராத மெசேஜைப் படித்தார்கள்.

நல்லவேளை, சிரிக்கவும் இடம் இருந்தது. போட்டி அரங்கில் பெற்றோர்கள் சண்டை போட்டுக்கொள்வதால் அத்தனை பேரையும் வெளியேற்றி ஓர் அறையில் போட்டு அடைக்கிறார்கள். திரையில் குழந்தைகள் ஆரவாரம் செய்கிறார்கள். அதைவிடப் பலமாக எங்கள் முதல் வரிசை ஆரவாரம் செய்தது. "இன்னொரு தடவை போடுங்க அங்கிள்!" போட்டேன். மூன்றாவது தடவைக்கு நாற்காலிகள் ஆட்சேபித்தன. நம் ஊர் டோர்னமென்ட்களில் இவ்வளவு தேவைப்படுவதில்லை என்பது உண்மை. கல்யாண மண்டபத்து வாசலில் பேப்பரை விரித்து, தயிர்சாத டப்பாவோடு பெற்றோர் தாமாகவே அடைபட்டு உட்கார்ந்திருப்பார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் கழுத்து மட்டும் உள்ளே போய்விட்டு வரும்.

கடைசி ஆட்டத்தில்தான் சங்கம் இரண்டாகப் பிளந்தது. எதிரி ஜொனாதன் போ, பள்ளிக்கூடமே போகாமல் செஸ் மட்டும் ஆடி வளர்ந்தவன். ஜாஷுக்கு வெற்றி தெரிந்துவிடுகிறது. உடனே காயை நகர்த்தாமல் கையை நீட்டி டிரா கேட்கிறான். நீ தோற்றுவிட்டாய், உனக்குத்தான் இன்னும் தெரியவில்லை, கை கொடு, பட்டத்தைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று. போ மறுத்துவிட்டுத் தோற்கிறான்.

"என்ன குணம் பாருங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது ஒரு கட்சி. "ஜெயிக்கிற பொசிஷன்ல எவனாவது டிரா கேப்பானா? அரைப் பாயின்ட் சார், அரைப் பாயின்ட்!" என்று கொதித்தது இன்னொன்று. முதல் வரிசை இரண்டையும் சட்டை செய்யாமல், படத்தை நிறுத்தச் சொல்லி, பொசிஷனை அப்பாவின் போனில் வைத்து இன்ஜினில் ஓட விட்டுக்கொண்டிருந்தது. அந்த பொசிஷன் படத்துக்காகவே நிஜ பண்டோல்ஃபினியும் நிஜ ஜாஷும் சேர்ந்து செய்தது என்றும், 1986ல் நிஜமாக நடந்த ஆட்டம் டிராவில்தான் முடிந்தது என்றும் சொன்னேன். அரைப் பாயின்ட்காரர் துள்ளினார். "பாத்தீங்களா? கேட்டிருந்தா அவன் அன்னிக்கே குடுத்திருப்பான்!"

படம் முடிந்ததும் எல்லாருக்கும் இருந்தது ஒரே கேள்வி. "இப்ப அந்தப் பையன் என்ன பண்றான்? எத்தனை வயசுல ஜி.எம்.?"

இந்தக் கேள்வி வேறு ஊரில் வராது. அமெரிக்கா அடுத்த ஃபிஷரைத் தேடிக்கொண்டிருந்த 1993ல் நாம் யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை. அம்மாவிடம் செஸ் கற்ற ஆனந்த் 1988லேயே ஜி.எம்., அதாவது கிராண்ட்மாஸ்டர், ஆகியிருந்தார். இப்போதோ பிரக்ஞானந்தாவும் குகேஷும் பன்னிரண்டு வயதில் ஆகிவிட்டார்கள். அடுப்பும் பாத்திரமும் தூக்கிக்கொண்டு போய் வெளிநாட்டில் ரசம் சாதம் சமைத்துப் போட்ட பிரக்ஞானந்தாவின் அம்மா நாகலட்சுமியையும், டாக்டர் தொழிலை ஒதுக்கி வைத்துவிட்டு மகனோடு ஊர் ஊராகப் போன குகேஷின் அப்பாவையும் இங்கே எல்லாருக்கும் தெரியும். 2024ல் குகேஷ் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனபோது, எங்கள் குடியிருப்பில் செஸ் வகுப்புக்குக் காத்திருப்போர் பட்டியலே போட வேண்டிவந்தது.

ஜாஷ் ஜி.எம். ஆகவில்லை என்றேன். இன்டர்நேஷனல் மாஸ்டரோடு நின்று, பிறகு செஸ்ஸையே விட்டுவிட்டார்.

இடி விழுந்த மாதிரி ஆயிற்று. "விட்டுட்டானா?" டிஸ்கன்டின்யூ என்று ஒருவர் முணுமுணுத்தார். இன்ஜினீயரிங்கில் மூன்றாம் வருடம் நின்றுபோன உறவினரைப் பற்றிப் பேசுகிற அதே குரல். இரண்டு மணி நேரம் அழுது பார்த்த படம் ஒரே நொடியில் தோல்விப் படம் ஆகிவிட்டது. "அப்புறம் எதுக்கு சார் படம் எடுத்தான்?" ஃப்ரெட்டுக்குக் கொடுத்திருந்த மார்க்கெல்லாம் திரும்பப் பெறப்பட்டது. டீச்சரம்மா மட்டும் சிரித்தபடி இருந்தார்.

சமாதானம் செய்வதாக நினைத்துக்கொண்டு மீதியையும் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் தாய்ச்சி என்ற சீனக் கலையைக் கற்றார், 2004ல் தைவானில் அதில் உலக சாம்பியன் பட்டமும் வாங்கினார் என்று.

ஹால் நிமிர்ந்து உட்கார்ந்தது. "உலக சாம்பியனா? எந்த வயசுல ஆரம்பிக்கணும்?"

மறுநாள் காலை லிப்டில் அரைப் பாயின்ட்காரர் பிடித்துக்கொண்டார். வேளச்சேரியில் ஒரு இடம் விசாரித்துவிட்டாராம். சனி, ஞாயிறு காலை ஆறு மணிக்கு வகுப்பு. தாய்ச்சி இல்லை, கராத்தேதான், ஆனால் கிட்டத்தட்ட அதேதானாம். பையன் என்ன சொல்கிறான் என்று கேட்டேன். அவனிடம் இனிமேல்தான் சொல்ல வேண்டுமாம். ஆனால் முக்கியமான விஷயத்தை உறுதி செய்துகொண்டுவிட்டார்: அங்கே பெற்றோர் உள்ளேயே உட்கார்ந்து பார்க்கலாம்.